எல்இடி பல்ப்: வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

"எத்தனை வாட் வேண்டும்?" என்ற கேள்வி குண்டு பல்ப் காலத்தில் போதுமானதாக இருந்தது. 40 வாட்டைவிட 60 வாட் பளிச்சென்று எரியும், 100 வாட் அதைவிடப் பளிச்சென்று எரியும், அவ்வளவுதான். எல்இடி வந்த பிறகும் அதே கேள்வியோடு வாங்குவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. பல்ப் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை மட்டுமே வாட் சொல்லும். எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதை லூமென் சொல்லும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில் இருக்கும்.

9 வாட் பல்ப் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று வாட்டுக்கு 80 லூமென் தந்தால் மொத்தம் 720. இன்னொன்று வாட்டுக்கு 110 தந்தால் 990. மின்செலவு ஒன்றுதான், வெளிச்சம் மட்டும் வேறு. பெட்டியில் லூமெனே போடாத பல்பை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

"60 வாட்டுக்குச் சமம்" என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும் லூமெனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய 40 வாட் குண்டு பல்புக்குப் பதில் என்றால் சுமார் 450 லூமென் வேண்டும். 60 வாட்டுக்கு 800, 100 வாட்டுக்கு 1,500 முதல் 1,600 வரை. அதற்காக 800-க்கும் 850-க்கும் நடுவே குழம்ப வேண்டியதில்லை, அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. லூமென் இரட்டிப்பானாலும் நம் கண்ணுக்கு வெளிச்சம் இரு மடங்காகத் தோன்றாது.

அப்புறம், சிக்கனம் என்று நினைத்து 9 வாட்டுக்குப் பதில் 7 வாட் வாங்குவது. தினமும் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு மிச்சமாவது 0.3 யூனிட். குண்டு பல்பிலிருந்து எல்இடிக்கு மாறும்போதே பெரிய சேமிப்பு கிடைத்துவிடுகிறது: 60 வாட்டிலிருந்து 9-க்கு வந்தால் அதே கணக்கில் மாதம் ஏழரை யூனிட்டுக்கு மேல் குறையும். அதற்கு மேலும் மிச்சம் பிடிக்கப் போய் மங்கலான அறையில் உட்கார்ந்து கண்ணை வருத்திக்கொள்ள வேண்டாம்.

அறையின் அளவையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். 10 சதுர மீட்டர் அறையில் 800 லூமென் பல்ப் ஒன்றை மாட்டினால், வெளிச்சம் முழுவதும் தரையில் விழுந்தால்கூட 80 லக்ஸ்தான். சுவரும் கூரையும் விழுங்குவது போக இன்னும் குறையும். படிப்பதற்கு 300 முதல் 500 லக்ஸ் வரை இருப்பது நல்லது. ஆகவே கூரை விளக்கைப் பெரிதாக்குவதைவிடப் படிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை விளக்கு வைப்பது புத்திசாலித்தனம்.

கெல்வின் எண்ணையும் வெளிச்சத்தின் அளவாக நினைத்துவிடாதீர்கள். 2,700 என்றால் மஞ்சள் கலந்த ஒளி, 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. அது நிறம் மட்டுமே. வெள்ளையாக எரிகிற பல்ப் அதிக வெளிச்சம் தருவதுபோல் தோன்றலாம், ஆனால் உண்மையில் எவ்வளவு என்பதை லூமென்தான் சொல்லும். துணி தைக்கும் இடத்திலும் முகம் பார்க்கும் கண்ணாடியருகிலும் சிஆர்ஐ எண் (பல்ப் ஒளியில் நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கான அளவு, அதிகபட்சம் 100) 90-க்கு மேல் இருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும். மற்ற இடங்களுக்கு 80 போதும்.

கடைசியாக, ஆயுள். 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தால், பெரும்பாலும் வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 70 சதவீதமாகக் குறைய ஆகும் காலத்தைத்தான் அது குறிக்கும். அதுவும் காற்றோட்டம் இருந்தால்தான். நாலாபுறமும் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் சூடு வெளியேற வழியின்றி, எல்இடி நன்றாக இருக்கும்போதே உள்ளே இருக்கும் டிரைவர், அதாவது வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மின்சுற்று, பழுதாகிவிடலாம். கூண்டு விளக்கு என்றால் மூடிய விளக்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பல்பையே வாங்குங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்ச் இருந்தால் அதற்கும் தனிக் குறிப்பு உண்டு. அது இல்லாத பல்பை மாட்டினால் மினுக்கும், சீக்கிரம் போயும்விடலாம்.