ஏற்காடு போய் எடுத்த படங்கள் ஏன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன?

விடுமுறை முடிந்ததும் சேலத்துக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழும் ஏற்காட்டுப் படங்களைக் கவனித்துப் பாருங்கள். ஏரிக்கரை வேலிக்கு முன்னால் ஒரு வரிசை. லேடீஸ் சீட் காட்சிமுனையின் கம்பிக்கு முன்னால் அதே வரிசை. எல்லார் கண்ணும் வெயிலுக்குச் சுருங்கியிருக்கும். குழந்தை அழத் தயாராக இருக்கும். பாட்டி ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருப்பார். உடனே யாராவது, "நல்ல போன் ஒண்ணு வாங்கணும்" என்பார்கள்.

இப்போது எல்லார் கையிலும் இருக்கும் போனே இதற்குப் போதும். படங்கள் கெடுவது பெரும்பாலும் அந்த நாளை நாம் அமைத்துக்கொள்ளும் விதத்தால்தான். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், குழந்தைக்கு எப்போது சோறு கொடுத்தோம், யாரை எங்கே நிற்கச் சொன்னோம் என்பதிலேயே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. அதனால் கீழே உள்ள தவறுகளில் பாதி, கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடப்பவை.

பதினோரு மணிக்கு மேலே போய்ச் சேர்வது

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். "பக்கத்துலதானே, மெதுவா போலாம்" என்ற நினைப்பு எல்லா வீட்டிலும் உண்டு. இட்லி சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் கிளம்பி, அடிவாரத்தில் வண்டிகளோடு வண்டியாக ஊர்ந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, ஒண்டிக்கடை ரவுண்டானாவில் இடம் தேடி வண்டியை நிறுத்தும்போது பதினொன்று தாண்டிவிடும். அப்போது சூரியன் தலைக்கு மேல் நிற்கிறது. நெற்றி பளபளக்கும், கண்குழிகள் கறுத்துப்போகும், மூக்குக்குக் கீழே மீசை போல நிழல் விழும்.

இதில் மலைக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயிலின் கடுமை உடம்புக்குத் தெரியாது. கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அந்த நேரத்தில் யாரையும் வெயிலில் நிற்கச் சொல்ல மாட்டோம், மேலே போனால் சொல்லிவிடுகிறோம்.

விடியும் முன் கிளம்புங்கள். ஆறு மணிக்குள் அடிவாரத்தைத் தாண்டிவிட்டால் மலைப்பாதையும் காலியாக இருக்கும், ஏரித் தண்ணீரும் அசையாமல் இருக்கும், அண்ணா பூங்காவில் பூக்களின் மேல் பனித்துளியும் இருக்கும். காலைச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். பத்து மணிக்குள் வெளிப்படங்களை முடித்துவிட்டு, பிறகு சாப்பாடு, தூக்கம், கடைத்தெரு என்று நான்கு மணி வரை ஓட்டிவிடலாம். இடையில் படம் வேண்டுமென்றால் மர நிழல் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களின் கீழே விழும் மெல்லிய நிழல் முகத்துக்கு நல்லது. ஆனால் இலைகளின் ஊடே வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழாத இடமாகப் பார்த்து உட்கார வையுங்கள்.

மாலைக்கு லேடீஸ் சீட். அது தென்மேற்கே சேலம் நகரைப் பார்த்த முனை, சூரியன் மறைவதை அங்கிருந்து பார்க்கலாம். சூரியன் விழுந்த உடனே எல்லாரும் வண்டிக்கு ஓடிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை ஏற்காட்டின் மிக நல்ல வெளிச்சம் அதற்குப் பிறகு வரும் பதினைந்து, இருபது நிமிடங்கள்தான். வானத்தில் நீலம் மிச்சமிருக்கும், கீழே ஊரில் விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும், இரண்டும் ஒரே படத்தில் பிடிபடும். இன்னும் அரை மணி தாமதித்தால் கறுப்பில் புள்ளிகள் மட்டும்தான் மிஞ்சும். போனைக் கம்பியின் மேல் அழுத்தி வைத்து, மூச்சை அடக்கி எடுங்கள். ஆட்களும் வேண்டுமென்றால் பஜ்ஜிக் கடையின் பல்பு வெளிச்சம் முகத்தில் படும் இடத்தில் நிறுத்துங்கள். ஒன்று மட்டும்: இருட்டில் மலை இறங்கிப் பழகாதவர் வண்டி ஓட்டுகிறார் என்றால் இந்தப் படமே வேண்டாம். வெளிச்சத்திலேயே இறங்கிவிடுங்கள். கூட்டம் அதிகமான நாட்களில் இறங்குகிறவர்களைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு, அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

பக்கோடா பாயிண்ட் என்ற காட்சிமுனை இருப்பது மலையின் கிழக்குப் பக்கம். விடியலைப் பார்க்க அங்கேதான் போக வேண்டும். மாலையில் போனால் அந்தப் பள்ளத்தாக்கு சீக்கிரமே மலை நிழலுக்குள் போய்விடும். இரண்டையும் மாற்றிப் போட்டு, காலையில் லேடீஸ் சீட், மாலையில் பக்கோடா பாயிண்ட் என்று போகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. மே மாதக் கோடை விழாவுக்குப் போய், காபிச் செடியில் வெள்ளைப் பூவைத் தேடுவார்கள். காபி பூப்பது பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை பெய்த பிறகு, அதுவும் சில நாட்களுக்குத்தான். மே மாதம் பச்சைப் பிஞ்சுதான் இருக்கும். சிவந்த பழம் வேண்டுமென்றால் அரையாண்டு விடுமுறையிலோ பொங்கலுக்கோ போங்கள்.

வளைவில் இறங்குவது

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. அதன் முன்னால் நின்று எடுத்துக்கொள்ள ஆசை வரும். வேண்டாம். மேலிருந்து இறங்கும் பேருந்து வளைவை முழுவதும் அடைத்துக்கொண்டுதான் திரும்பும், ஓட்டுநருக்கு உங்கள் குழந்தை தெரியாது. அகலமான, வண்டி நிறுத்த இடமுள்ள திருப்பங்களில் மட்டும் இறங்குங்கள். குரங்குகளுக்குத் தீனி போட்டுப் படம் எடுப்பதும் இதே வகை. தீனிக்குப் பழகியதால்தான் அவை சாலையோரத்திலேயே கிடந்து வண்டியில் அடிபடுகின்றன, பையைப் பிடுங்குகின்றன, பிள்ளைகளைப் பிறாண்டுகின்றன.

வரிசையாக நிற்க வைப்பது

இதுதான் எனக்கு மிகவும் மனம் கேட்காத விஷயம். நான்கு தலைமுறை ஒன்றாக மலை ஏறியிருக்கும், படத்தில் பார்த்தால் பள்ளி அசெம்பிளி போல இருக்கும்.

எல்லாரும் கம்பியோடு ஒட்டி நிற்பார்கள். எடுப்பவர் அத்தனை பேரும் தெரிய வேண்டுமென்று பின்னாலேயே போவார். கடைசியில் மனிதர்கள் கட்டைவிரல் அளவு, மலையும் ஒரு கோடு. கம்பியை விட்டு ஆட்களைப் பத்தடி முன்னால் வரச் சொல்லுங்கள். மனிதர்கள் கேமராவுக்குப் பக்கத்தில், மலை தூரத்தில் இருந்தால் இரண்டுமே நிறைவாகத் தெரியும். போனில் இருமடங்கு (2x) லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அகல லென்ஸில் ஓரத்தில் நிற்பவரின் முகமும் தோளும் பக்கவாட்டில் இழுபடும். நம் குடும்பங்களில் ஓரத்துக்குத் தள்ளப்படுவது பெரும்பாலும் மருமகளும் அத்தையும்தான். பிறகு "நான் குண்டா விழுந்துட்டேன்" என்று அவர்கள் அடுத்த படத்துக்கே வர மாட்டார்கள்.

வயதானவர்களிடமிருந்து தொடங்குங்கள். தாத்தாவும் பாட்டியும் வசதியாக உட்கார ஒரு திண்ணையோ பெஞ்சோ முதலில் பாருங்கள், மற்றவர்கள் அவர்களைச் சுற்றி வரட்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காட்சி நன்றாக இருக்கிற பாறையைத் தேர்ந்துவிட்டு, பாட்டியை அங்கே கையைப் பிடித்து ஏற்றுகிறார்கள். பயந்த முகம்தான் படத்தில் விழும். கிளியூர் அருவிக்குச் செங்குத்தாகப் படி இறங்க வேண்டும், ஏறி வருவது அதைவிடக் கஷ்டம். மழைக்காலம் இல்லாத மாதங்களில் தண்ணீரும் பெரிதாக இருக்காது. மூட்டுவலிக்காரரை "ஒரே ஒரு போட்டோவுக்கு" என்று அங்கே கூட்டிப்போவது நியாயமே இல்லை.

குழந்தைகளுக்கு வேறு கணக்கு. 20 வளைவு ஏறி வந்த பிள்ளைக்கு வயிறு கலங்கியிருக்கும். வண்டியை விட்டு இறங்கியதும் "சிரி, சிரி" என்றால் எப்படிச் சிரிக்கும்? அரை மணி நேரம் ஓட விடுங்கள், ஏதாவது சாப்பிடக் கொடுங்கள், பிறகு நீங்கள் அதன் உயரத்துக்குக் குனிந்து அல்லது தரையில் உட்கார்ந்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் உச்சந்தலையும் செருப்பும்தான் வரும். சிரிக்கச் சொல்வதைவிட ஒரு வேலை கொடுப்பது எப்போதும் பலிக்கும். சித்தப்பாவுக்கு மிளகாய் பஜ்ஜி ஊட்டிவிடச் சொல்லுங்கள், படகில் ஏறும்போது தங்கைக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் போனில் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுக்கும் வசதியைப் பயன்படுத்தினால், அவற்றில் ஒன்றிலாவது எல்லார் கண்ணும் திறந்திருக்கும்.

பனி வந்ததும் போனை உள்ளே வைப்பது

மழைக்காலத்திலும் மார்கழியிலும் மலையே பனிமூட்டத்தில் மூழ்கிவிடும். "ஒண்ணும் தெரியலையே" என்று திரும்பிவிடுவார்கள். ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலை தன் முழு அழகோடு இருப்பது அப்போதுதான் என்பது என் உறுதியான கருத்து.

பனியில் படம் அழுக்குச் சாம்பல் நிறமாக விழுவதற்குக் காரணம் உண்டு. கேமரா தன் முன்னால் இருக்கும் எதையும் நடுத்தர வெளிச்சமாகக் காட்டவே முயலும். முழுக்க வெள்ளையாக ஒரு காட்சி இருந்தால், அளவுக்கு மீறிய வெளிச்சம் என்று நினைத்துக் குறைத்துவிடும். திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியன் குறியை மேலே கொஞ்சம் இழுங்கள். சாம்பல் மறைந்து வெண்மை திரும்பும். ஃப்ளாஷ் கூடவே கூடாது, நீர்த்துளிகள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகத் தெறிக்கும். லென்ஸில் படியும் ஈரத்தை அடிக்கடி பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் பிசுபிசுப்போடு அதுவும் சேர்ந்தால் படம் முழுக்கப் புகை அடித்தது போலாகிவிடும்.

பனியில் தூரத்துக் காட்சியைத் தேடாதீர்கள். பத்தடிக்குள் ஆள், அதற்குப் பின்னால் ஒரு மரம், அதற்கும் பின்னால் இன்னும் மங்கலாக ஒரு மரம். மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் வரிசைகள் இதற்கென்றே நட்டது போல இருக்கும். சிவப்பு, மஞ்சள் உடைகள் அங்கே நன்றாக எடுபடும். வெள்ளைச் சட்டைக்காரர் கரைந்துபோவார்.

காட்டெருமைகள் இந்த மலையில் உண்டு. பனியில் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். பார்த்தால் வண்டிக்குள்ளேயே இருங்கள், கண்ணாடி வழியாக எடுத்தது போதும்.

ஊருக்குள் நடப்பதை எடுக்காமல் விடுவது

விடுமுறை என்றால் ஏற்காடு மட்டும்தானா? சேலத்தில் சொந்தக்காரர்கள் வந்து நிறைவது பெரும்பாலும் ஆடியில்தான். கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊரிலுள்ள மாரியம்மன் கோயில்கள் எல்லாம் ஒன்றாகத் திருவிழா கொண்டாடும் மாதம். சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையில் சாமி வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வரும்போது பலரும் போனின் இரவு முறையை வைத்து எடுத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். இரவு முறை சில நொடிகள் வெளிச்சத்தைச் சேகரிக்கும், ஓடும் வண்டி அதில் இழுபட்டுவிடும். வண்டி நிற்கும் வரை காத்திருங்கள், அல்லது சாதாரண முறையில், விளக்கு வெளிச்சம் விழும் முகத்தைத் தொட்டு எடுங்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்க்கும் பிள்ளையை நோக்கி ஒருமுறையாவது திரும்புங்கள். வண்டியை ஊரே எடுத்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையை எடுக்க உங்களை விட்டால் ஆள் கிடையாது.

வீட்டுக்குள் எடுக்கும்போது ட்யூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் தோல் நிறம் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சளாகும். பகலில் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் வாருங்கள். மே மாதம் மல்கோவாவை நறுக்கி நடுவில் வைத்துவிட்டு, சுற்றி உட்கார்ந்த பிள்ளைகள் கொட்டையைச் சப்பும் அந்தப் பத்து நிமிடங்களை எடுத்தால், ஏரிக்கரைப் படம் எதுவும் அதற்கு ஈடாகாது.

கேட்காமல் எடுப்பது

மலைக் கிராமத்துப் பெண்களையும் தோட்டத்தில் பழம் பறிப்பவர்களையும் காட்சிப்பொருள் போல எடுக்கக் கூடாது. "ஒரு போட்டோ எடுத்துக்கலாமாக்கா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். காபித் தோட்டங்கள் தனியாருடையவை, வேலி தாண்டுவதும் கிளையை வளைப்பதும் அவர்கள் பிழைப்பில் கைவைப்பது.

எடுத்தவர் எதிலும் இல்லாமல் போவது

ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் எடுத்துக்கொண்டே இருப்பார். வருடக் கணக்கில் அவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். சாப்பாடு பரிமாறிக்கொண்டோ பிள்ளைக்குச் சட்டை மாற்றிக்கொண்டோ இருக்கும் அம்மாவும் அப்படியே. காலையிலேயே, பத்து மணிக்கு மேல் போன் பெரிய பையனிடம் என்று சொல்லிவிடுங்கள். சாய்ந்து விழுந்தாலும் பரவாயில்லை, அவன் எடுக்கட்டும்.

அன்று இரவே வேண்டாதவற்றை அழித்துவிடுங்கள், மறுநாள் யாரும் செய்வதில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அசல் அப்படியே போகும். பத்துப் படங்களையாவது பிரிண்ட் போட்டுப் பாட்டி கையில் கொடுங்கள். பெயரையும் வருடத்தையும் படத்தின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும், மை காயாமல் அடுக்கினால் அடுத்த படத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆல்பத்தின் தாளில், படத்துக்குக் கீழே எழுதுங்கள்.