வார ஊசியும் அரிசி ஆழாக்கும்: பசி குறைந்த வீட்டில் உணவு வீணாகாமல் சமைக்கும் முறை

சர்க்கரை நோய்க்கும் உடல் எடைக்குமாக மருத்துவர் எனக்கு வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும், பசியைக் குறைக்கும் செமாகுளுடைடு ஊசியை எழுதிக் கொடுத்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மருந்து தன் வேலையைச் செய்தது. ஆனால் முதல் இரண்டு மாதங்களில் எங்கள் வீட்டுக் குப்பைக் கூடைக்குப் போன சோற்றையும் குழம்பையும் நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. பசி பாதியாகக் குறைந்த பிறகும் என் கை முப்பது ஆண்டுப் பழக்கத்தில் அதே அளவு அரிசியைத்தான் களைந்துகொண்டிருந்தது. அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஊசியை எப்படிப் போடுவது, எவ்வளவு போடுவது என்பவற்றை உங்கள் மருத்துவரே சொல்லியிருப்பார். நான் அவற்றுக்குள் போகவில்லை.

படி 1: இரண்டு வாரம் எடை போட்டு எழுதுங்கள்

ஒரு சிறிய டிஜிட்டல் தராசும் ஒரு நோட்டும் போதும். கைப்பேசிச் செயலிகள் சிலவற்றை முயன்று பார்த்தேன். ஈரக் கையோடு சமையலறையில் நிற்பவருக்கு, சுவரில் தொங்கும் நோட்டும் அதில் கட்டிய பென்சிலுமே பொருத்தம் என்பது என் கருத்து. எத்தனை ஆழாக்கு அரிசி போட்டோம், எவ்வளவு மிஞ்சியது, எதைக் கொட்டினோம் என்று மட்டும் எழுதுங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. இருவர் வாழும் வீட்டுக்கு அது வாரம் 2 கிலோவுக்குச் சற்று மேல். தோலும் எலும்பும் அதில் அடக்கம். என் நோட்டின் முதல் வாரக் கணக்கிலோ, உண்ணத் தக்க உணவு மட்டுமே 2 கிலோ 600 கிராம் இருந்தது.

படி 2: ஊசி நாளிலிருந்து வாரத்தை எண்ணுங்கள்

நான் தடுமாறிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பசி குறைந்துவிட்டது, ஆகவே எல்லா நாளும் பாதி அளவு சமைத்தால் போதும் என்று முதலில் எண்ணினேன். மூன்று நாள் அந்தப் பாதி அளவிலும் மிஞ்சியது. அடுத்த நான்கு நாளில் இரண்டு நாள் சோறு போதாமல் கடையிலிருந்து வாங்கினோம். வாங்கியதிலும் பாதி மிஞ்சியது. நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஊசி போட்ட ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் இந்த மருந்தின் அளவு இரத்தத்தில் உச்சத்தைத் தொடுகிறது. அதன் அரை ஆயுள், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ ஒரு வாரம் என்பதால் அடுத்த ஊசி வரையிலும் அதன் விளைவு அடியோடு மறைவதில்லை. ஆயினும் பிந்திய நாட்களில் எனக்குப் பசி ஓரளவு திரும்பிவந்தது. நான் வெள்ளிக்கிழமை இரவு ஊசி போட்டுக்கொள்கிறேன். சனி, ஞாயிறு, திங்கள் மூன்றும் என் குறைபசி நாட்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டில் வழக்கமாகப் பெருஞ்சமையல் நடக்கும் நாள்.

ஆகவே நாட்காட்டியில் ஊசி நாளை வட்டமிட்டு, கிழமையை மறந்து, முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணுங்கள். காய்கறி வாங்குவதையும் ஞாயிற்றிலிருந்து செவ்வாய்க்கு மாற்றினேன். உழவர் சந்தையில் கால் கிலோவாகக் கேட்டு வாங்கலாம். குறைபசி நாட்களுக்குக் கேரட், பீட்ரூட், சேனை போன்று கெடாமல் தாங்கி நிற்பவற்றையும், பிந்திய நாட்களுக்குக் கீரையையும் வெண்டைக்காயையும் ஒதுக்குங்கள்.

இன்னொன்று: மருந்தின் அளவு படிப்படியாக உயர்த்தப்படுவது. முதல் நான்கு வாரம் 0.25 மில்லிகிராம், பிறகு 0.5 என்று எனக்கு ஏற்றினார்கள். ஏற்றிய வாரத்தில் என் பழைய கணக்கு முழுவதும் பொய்த்துப் போனது. அளவு மாறும் ஒவ்வொரு முறையும் படி 1-க்குத் திரும்பி, ஒரு வாரமாவது மறுபடி எழுதுங்கள்.

படி 3: அடுத்தவர் பசியை அடிப்படையாகக் கொள்ளுங்கள்

என் கணவருக்குப் பசி மாறவில்லை. அவருக்கு வேண்டிய அரிசியை முதலில் அளந்து, குறைபசி நாளில் அதனோடு கால் ஆழாக்கும், மற்ற நாளில் அரை ஆழாக்கும் எனக்காகச் சேர்க்கிறேன். ரைஸ் குக்கரோடு வரும் 180 மில்லி கோப்பை ஏறத்தாழ 150 கிராம் அரிசி கொள்ளும். அது எனக்குப் பெரிது. அரை ஆழாக்கு, கால் ஆழாக்கு அளவைகளை எவர்சில்வரில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பருப்பை மட்டும் நான் குறைப்பதில்லை. கொஞ்சமே சாப்பிடும்போது அந்தக் கொஞ்சத்தில் புரதம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் எடையோடு தசையும் சேர்ந்து கரையும். பருப்பைத் தாளிக்காமல் வேகவைத்து, ஒருவேளை அளவாகச் சிறு டப்பாக்களில் பிரித்து உறைநிலைப் பெட்டியில் வைத்தால், வேண்டிய நாளில் ஒரு டப்பாவை எடுத்து ரசமாகவோ சாம்பாராகவோ ஆக்கிக்கொள்ளலாம்.

இட்லி மாவுக்கு: ஒரு வாரத்துக்கும் சேர்த்து கிரைண்டரில் அரைப்பதை நிறுத்திவிட்டேன். அரை ஆழாக்கு உளுந்து என்றால், குளிர்ந்த நீர் விட்டு மிக்ஸியிலேயே அரைக்கலாம். கிரைண்டர்தான் வேண்டும் என்பவர்கள் அரைத்த உடனே பாதியைப் புளிக்க விடாமல் குளிர்பெட்டிக்குள் வைத்து, இரண்டு நாள் கழித்து வெளியே எடுத்துப் புளிக்க வைக்கலாம்.

படி 4: எச்சில் படாத மிச்சம்

பாத்திரத்தில் மிஞ்சுவது உணவு. தட்டில் மிஞ்சினால் அது எச்சில், யாருக்கும் ஆகாது. எனவே சிறிய தட்டை எடுங்கள். முதலில் பருப்பும் காயும் முட்டையும், கடைசியாக ஒரே ஒரு கரண்டி சோறு. பத்து நிமிடம் கழித்தும் வேண்டியிருந்தால் இன்னொரு கரண்டி. இந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், போதும் என்று தோன்றிய பிறகு உண்ணும் இரண்டு கவளம் வாந்தியில் முடியலாம். தட்டில் பருக்கை மிஞ்சக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இது கடினம்; எனக்கும் கடினமாக இருந்தது. வீணாகிவிடுமே என்று வயிற்றுக்குள் தள்ளுவதால் அந்த உணவு எவருக்கும் பயன்படப் போவதில்லை. வீணாவதைத் தடுக்கும் இடம் அரிசி அளக்கும் இடமே.

படி 5: மிச்சத்தை எடுத்து வைத்தல்

இங்கே நான் கண்டிப்பானவள். இந்த மருந்து எடுப்போருக்குக் குமட்டலும் வாந்தியும் பொதுவான பக்கவிளைவுகள். கெட்ட உணவால் வந்த வாந்தியையும் மருந்தால் வந்ததென்று எண்ணி விட்டுவிடும் ஆபத்து அதனால்தான் இருக்கிறது. சமைத்த சோறு வெளியில் கிடந்தால் பாசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரி பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள், கடும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள், குளிர்பெட்டிக்குள் வையுங்கள். தட்டையான எவர்சில்வர் டப்பா விரைவில் குளிரும், சாம்பார் வாடையையும் பிடித்துக்கொள்ளாது. மூடியில் மாஸ்கிங் டேப் ஒட்டித் தேதி எழுதுங்கள். சோறு எங்கள் வீட்டில் மறுநாளைத் தாண்டுவதில்லை; குழம்பும் கூட்டும் மூன்றாம் நாளைத் தாண்டுவதில்லை.

வெளியே சாப்பிடும்போது

உணவகத்தில் முழுச் சாப்பாட்டுக்குப் பதில் அளவுச் சாப்பாடு கேளுங்கள். பரிமாறும் முன்பே பாதியைப் பொதியச் சொல்வது இன்னும் நல்லது. திருமணப் பந்தியில் இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து, சோறு விழும் முன்பே மறுத்துவிடுங்கள். உறவினர் வற்புறுத்தினால் மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்ற ஒரு சொல் போதும்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்தவர்களில், ஊசிக்குப் பதில் தினமும் செமாகுளுடைடு மாத்திரை எடுக்கும் ஒருவர், தமக்கு வார ஏற்ற இறக்கம் இல்லை, காலை இட்லிதான் மிஞ்சுகிறது என்று எழுதியிருந்தார். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேற்படாத தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருக்க வேண்டும். வீட்டார் எல்லோருக்கும் சேர்த்து ஏழு மணிக்கே இட்லி ஊற்றினால் இவருடையது ஆறிப்போகும். இவருக்கு உரிய இரண்டு இட்லியைத் தனியாக, அவர் உட்காரும் நேரத்தில் ஊற்றச் சொன்னேன். மிஞ்சுவது நின்றுவிட்டதாகப் பதில் வந்தது.

பின்சேர்க்கை 2: இன்னொரு வாசகி, இன்சுலின் சுரப்பைத் தூண்டிச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் சேர்த்து எடுப்பவர், என் அளவுகளைப் பின்பற்றியபோது மதியம் கை நடுங்கி வியர்த்ததாக எழுதினார். முதலிலேயே இதைச் சொல்லாதது என் தவறு. இன்சுலினோ அவ்வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் குறைவாக உண்ணும்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். அவர்கள் சமையல் அளவைக் குறைக்கும் முன், இரண்டு வார நோட்டை மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்ட வேண்டும்.