கடைவீட்டு முற்றத்தில் புயல்: காற்றோட்ட சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய எல்லைத் தவறுகள்

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் (கீழே கடை, மேலே வீடு) நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கும். அஞ்சடிப் (கடைமுன் கூரையிட்ட நடைபாதை) பக்கத்து வாசலில் நுழையும் காற்று உள்ளே சூடேறி, முற்றம் வழியாக மேலே போகும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரம் இது. நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. எனவே சீரமைக்கும் முன் கணினியில் ஓட்டிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் எல்லை நிபந்தனையில், அதாவது வாசல், திறப்பு, சுவர் ஆகியவற்றில் நாம் கொடுக்கும் அழுத்தம், வெப்பநிலை போன்ற மதிப்புகளில், கோட்டை விட்டால் வரும் படம் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

முதலில் ஒரு கைக்கணக்கு. வெளியே 32 டிகிரி, உள்ளே 36, வாசலுக்கும் மேல் திறப்புக்கும் 8 மீட்டர் உயரம். காற்றை மேலே தள்ளும் அழுத்தம் சுமார் 1.2 பாஸ்கல், அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விசை என்பதால் எல்லையில் ஒரு பாஸ்கல் பிசகினாலும் கதை மாறிவிடும்.

பலரும் மேலேயும் கீழேயும் ஒரே முழு அழுத்தம், 101325 பாஸ்கல், என்று போட்டுவிடுகிறார்கள். 8 மீட்டர் காற்றின் எடையே ஏறக்குறைய 90 பாஸ்கல். அதை மறந்தால் நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் முற்றத்தின் வழியாகக் காற்று கீழே கொட்டும்! இது பரவாயில்லை, பார்த்ததுமே தெரிந்துவிடும்.

தெரியாமல் ஏமாற்றுவது வேறு. ஃபுளூயன்ட் என்ற சிமுலேஷன் மென்பொருளில் பூசினெஸ்க் முறையை (வெப்பத்தால் வரும் அடர்த்தி மாற்றத்தை மிதப்பு விசையில் மட்டும் கணக்கில் எடுக்கும் எளிய முறை) தேர்ந்தால் ஒப்பீட்டு வெப்பநிலை 288.16 கெல்வின், அதாவது 15 டிகிரி, என்று தானாக நிற்கும். அந்த வெப்பநிலைக் காற்றின் எடையைக் கழித்துவிட்டுத்தான் அழுத்தம் கணக்கிடப்படும். பினாங்கில் 15 டிகிரிக்கு எங்கே போவது? திறப்புகளில் அழுத்தம் பூஜ்யம் என்று கொடுத்திருந்தால், 32 டிகிரி வெளிக்காற்றையே மென்பொருள் 'சூடான காற்று' என்று நினைத்து, சுமார் 5 பாஸ்கல் பொய் விசையைச் சேர்க்கும். நிஜ விசையைப் போல நான்கு மடங்கு. வெளிக்காற்றின் வெப்பநிலையைத்தான் அங்கே கொடுக்க வேண்டும். பூசினெஸ்க் இல்லாமல் ஓட்டினால், வெளிக்காற்றின் அடர்த்தியை.

ஓப்பன்ஃபோம் என்ற இன்னொரு மென்பொருளில் பொறி நேர்மாறானது. அங்கே அழுத்தத்திலிருந்து கழிக்கப்படுவது அந்தந்த இடத்துக் காற்றின் எடை. மேல் திறப்பில் இருப்பது சூடான, லேசான காற்று. கழித்த அழுத்தத்தை இரண்டு திறப்பிலும் ஒன்றாக வைத்தால் மேலே அழுத்தம் 1.2 பாஸ்கல் கூடிப்போய், இருக்கிற விசையும் ரத்தாகிவிடும். வீடெல்லாம் சூடு, காற்று மட்டும் அசையாது. வெளிக்காற்றின் அடர்த்தியை வைத்து, உயரத்துக்கேற்ற நிஜ அழுத்தத்தைக் கொடுக்கும் நிபந்தனையைத் தேடிப் போடுங்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வெப்பத்தை எல்லாம் அணைத்து, உள்ளும் வெளியும் 32 டிகிரியாக ஓட்டுங்கள். காற்று நகர்ந்தால் எல்லை தப்பு. ஆனால் ஓப்பன்ஃபோம் கோளாறு இந்தச் சோதனையில் மாட்டாது. அதற்கு மேலே சொன்ன கைக்கணக்குதான் துணை.

வாசலில் 'நொடிக்கு அரை மீட்டர்' என்று வேகத்தைக் கட்டிவைப்பதும் வேண்டாம். அந்த வேகம் என்ன என்பதுதானே கேள்வியே. திறப்பில் காற்று திரும்பி உள்ளே வரலாம். அப்படி வரும் காற்றுக்கு வெளி வெப்பநிலையைக் கொடுங்கள், இல்லாவிட்டால் போன சூடே திரும்பி வரும். முடிந்தால் வாசலோடு எல்லையை வெட்டாமல் அஞ்சடியையும் கொஞ்சம் தெருவையும் சேர்த்து வரையுங்கள்.

அப்புறம் கூரை. மதிய வெயிலில் ஓடு கொதிக்கும்போது அதை 'வெப்பம் கடத்தாத சுவர்' என்று விட்டால் மாடிக் காற்று எப்படிச் சூடாகும்? ஓட்டின் வெப்பநிலையை அளந்து கொடுங்கள், அல்லது உள்ளே வரும் வெப்பத்தைக் கொடுங்கள். முழுதும் மூடிய அறை என்றால் எல்லாச் சுவருக்கும் வெப்ப ஓட்டத்தை மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு சுவரிலாவது வெப்பநிலை தெரிய வேண்டும். இல்லையேல் கணக்கு நிலைக்கு வராது, அறை சூடேறிக்கொண்டே போகும்.