பெயர் போட்டுப் பின்னூட்டம் எழுதுவது எப்படி

வலைப்பதிவில் பின்னூட்டம் எழுதும்போது நம் மனக்கண்ணில் இருப்பவர் பதிவர். அவருக்குப் பதில் சொல்கிறோம், அவரோடு மல்லுக்கட்டுகிறோம், அவரைப் பாராட்டுகிறோம். ஆனால் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வரப்போவது இன்னொருவர். சில வருடம் கழித்து வேறு எதையோ தேடி வந்து, பதிவைக்கூட முழுதாகப் படிக்காமல், கீழே உங்கள் பெயரில் கிடக்கும் நாலு வரியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற மூன்றாம் ஆள் அவர். வேலைக்கு ஆள் எடுப்பவராகவோ, உங்களோடு சேர்ந்து தொழில் செய்ய நினைப்பவராகவோ இருக்கலாம். அவருக்கு முன்கதை தெரியாது. உங்களைச் சீண்டியவர் தன் பின்னூட்டத்தை நீக்கியிருந்தால், உங்கள் கோபம் மட்டும் தனியாக நிற்கும். கீழே சொல்வதெல்லாம் அந்த மூன்றாம் ஆளை வைத்துத்தான்.

ஏற்கெனவே என்ன இருக்கிறது?

உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து தேடுங்கள். உங்கள் கணக்கில் உள்நுழைந்த நிலையில் தேடினால், உங்களுக்கு ஏற்றபடி முடிவுகள் மாறக்கூடும். பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல்: இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், புள்ளியோடும் இல்லாமலும் வரும். ஆங்கில எழுத்தில் ‘ழ’வை ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். நீங்கள் எப்போதாவது பயன்படுத்திய எல்லா வடிவங்களையும் தனித்தனியாகத் தேடுங்கள். புனைபெயர், பழைய பயனர்பெயர், பழைய மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றையும் விடாதீர்கள். முதல் மூன்று பக்க முடிவுகளைப் பார்த்தால் போதும். சங்கடமாகத் தோன்றுவதை முகவரி, தேதி, எந்தப் பெயரில் எழுதியது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தப் பட்டியல் கடைசியில் உதவும்.

பின்னூட்டப் பெட்டியில் நிரப்புவது எங்கே போகிறது?

வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளில் இயங்கும் தளத்தில் பெயரும் நீங்கள் கொடுக்கும் தள முகவரியும் எல்லோருக்கும் தெரியும். மின்னஞ்சலும் ஐபி முகவரியும் (உங்கள் இணைய இணைப்பின் எண்) வாசகருக்குத் தெரியாது, பதிவருக்குத் தெரியும். எந்த உலாவியிலிருந்து எழுதினீர்கள் என்பதும் தரவுத்தளத்தில் பதிவாகிறது. எனவே அங்கே அனானியாக, அதாவது பெயர் சொல்லாமல், எழுதுபவர் பதிவருக்கு முழு அனானி இல்லை. ஒரே ஐபியிலிருந்து காலையில் உங்கள் பெயரில் ஒன்றும் மாலையில் ‘வாசகன்’ என்ற பெயரில் ஒன்றும் வந்தால், பதிவர் பின்னூட்டங்களைச் சரிபார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்தல் பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்.

பலர் கவனிக்காத இன்னொன்று, பெயருக்குப் பக்கத்தில் வரும் சின்னப் படம். பெரும்பாலும் அது கிராவட்டார் சேவையிலிருந்து வருகிறது. உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கணக்கிட்டு உருவாக்கும் நீளமான குறியீடு ஒன்று அந்தப் படத்தின் முகவரியில் இருக்கும். நீங்கள் கிராவட்டாரில் கணக்கே தொடங்காவிட்டாலும் படம் காட்டும் தளங்களில் அது இருக்கும். ஒரே மின்னஞ்சல் என்றால் பெரும்பாலும் எல்லாத் தளத்திலும் ஒரே குறியீடு. பெயரை மாற்றி மாற்றி எழுதினாலும் குறியீடு மாறாது. 2013 டிசம்பரில் ஸ்வீடனில் நடந்தது இதுதான். பல தளங்களுக்குப் பின்னூட்டப் பெட்டி தரும் டிஸ்கஸ் சேவை வழியாகப் புனைபெயரில் பின்னூட்டம் எழுதிவந்தவர்களை, இந்தக் குறியீட்டையும் தங்களிடம் இருந்த மின்னஞ்சல் பட்டியல்களையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வுக் குழு கண்டுபிடித்தது. எக்ஸ்பிரஸன் நாளிதழ் அவர்களில் பலரை வெளிப்படுத்தியது. சிலர் அரசியல் பொறுப்பில் இருந்தவர்கள்.

ஆகவே முதல் வேலையாக இரண்டு மின்னஞ்சல் முகவரிகளை ஒதுக்குங்கள். ஒன்று, சொந்தப் பெயரில் எழுதும் பின்னூட்டங்களுக்கு மட்டும். புனைபெயர் வேண்டுமென்றால் அதற்கு இன்னொன்று. வங்கிக்கும் குடும்பத்துக்கும் பயன்படுத்தும் முகவரியை இரண்டிலும் கொடுக்காதீர்கள். டிஸ்கஸில் எழுதுபவர்கள் அமைப்புகளில் போய், சுயவிவரத்தைத் தனிப்பட்டதாக மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பல தளங்களில் எழுதியதெல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாகத் தெரியும்.

புனைபெயரில் எழுதுவது தவறே இல்லை. ஒரே புனைபெயரில் வருடக்கணக்காக உருப்படியாக எழுதுபவருக்குச் சொந்தப் பெயருக்கு நிகரான மதிப்பு சேரும். கெடுவது எங்கே என்றால், முகமூடி போட்டுக்கொண்டு தன்னையே புகழும்போது. அமெரிக்க மளிகைக் கடை நிறுவனமான ஹோல் ஃபுட்ஸின் அப்போதைய தலைமை அதிகாரி ஜான் மேக்கி, ‘ராஹோடெப்’ என்ற பெயரில் யாஹூ பங்குச்சந்தை அரட்டைப் பக்கங்களில் பல ஆண்டுகள் தன் நிறுவனத்தைப் புகழ்ந்தும் போட்டி நிறுவனத்தைத் தாழ்த்தியும் எழுதிவந்தார். அந்தப் போட்டி நிறுவனத்தையே வாங்கப் போனபோது, 2007-இல் அரசு அமைப்பு தொடுத்த வழக்கின் ஆவணங்களில் விஷயம் வெளியே வந்தது. எழுதியதில் சரியான தகவல்களும் இருந்திருக்கலாம். அவற்றை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. உங்களுக்குத் தொடர்புள்ள நிறுவனம், பொருள், ஆள் பற்றிப் பேச்சு வந்தால், ‘நான் அங்கே வேலை செய்கிறேன்’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் பாராட்டினாலும் குறை சொன்னாலும் நம்புவார்கள்.

எழுதும்போது

‘அருமை, தொடருங்கள்’, ‘நல்ல பகிர்வு, என் வலைப்பூவுக்கும் வாருங்கள்’ போன்ற டெம்ப்ளேட் பின்னூட்டங்கள் தீங்கற்றவை என்று தோன்றும். பத்துப் பதிவில் அதே வரி உங்கள் பெயரில் கிடந்தால், படிக்காமலேயே போகிறவர் என்ற பெயர் நிலைத்துவிடும். இறந்தவருக்கான அஞ்சலிப் பதிவில் ‘சூப்பர்’ என்று விழுவது இந்தப் பழக்கத்தால்தான்.

சுட்டி போட்டால் தேடலில் தன் தளம் மேலே வரும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். 2005 ஜனவரியிலேயே கூகுள் உள்ளிட்ட தேடுபொறிகள் பின்னூட்டச் சுட்டிகளுக்கு ‘நோஃபாலோ’ (இந்தச் சுட்டியைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்காதே) என்ற குறியைக் கொண்டுவந்துவிட்டன. அந்த வழியில் தரவரிசை ஏறும் என்று எதிர்பார்ப்பது வீண். இழப்பு மட்டும் உறுதி. வேர்ட்பிரஸின் இயல்பு அமைப்பில், இரண்டு சுட்டி இருந்தாலே பின்னூட்டம் மட்டுறுத்தலுக்குப் போய்விடும். பதிவர் அதை ஸ்பேம் (குப்பை விளம்பரம்) என்று குறித்தால், அத்தகைய பின்னூட்டங்களைத் தடுக்கும் அகிஸ்மெட் வடிகட்டியை அவர் பயன்படுத்தினால், அதற்கு அந்தத் தகவல் போகும். அகிஸ்மெட் பயன்படுத்தும் மற்றத் தளங்களிலும் உங்கள் மின்னஞ்சலும் தள முகவரியும் சந்தேகத்துக்கு உள்ளாகலாம். பல தளங்களில் உங்கள் பின்னூட்டம் சத்தமில்லாமல் காணாமல் போகிறதென்றால், காரணம் பெரும்பாலும் இதுதான். எனவே ஒரு பின்னூட்டத்துக்கு அதிகபட்சம் ஒரு சுட்டி, அதுவும் ஆதாரத்துக்காக. பெயர் கட்டத்தில் ‘மலிவு விலை மென்பொருள்’ என்று விளம்பரச் சொல்லைப் போடவே கூடாது.

மறுப்பு எழுதும்போதுதான் பெயர் அதிகம் வளரும், அதிகம் உடையும். கணினிப் பாதுகாப்பு பற்றிய ஒரு பதிவை வைத்துப் பார்ப்போம். ‘90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுங்கள்’ என்று பதிவர் எழுதியிருக்கிறார். உங்களுக்கு உடன்பாடில்லை. கை பரபரவென்று எழுதுவது இப்படி இருக்கும்:

‘ஒன்றும் தெரியாமல் எழுதவேண்டியது. இதெல்லாம் எப்போதோ காலாவதியான அறிவுரை.’

விஷயம் சரிதான். மூன்றாம் ஆள் இதில் தெரிந்துகொள்வது உங்கள் சுபாவத்தை மட்டும். இதையே இப்படி எழுதலாம்:

‘மூன்றாவது பத்தியில் 90 நாள் கணக்கு சொல்லியிருக்கிறீர்கள். அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, கடவுச்சொல் கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் ஒழிய, கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்கிறது. கெடு வைத்தால் பலர் பழைய சொல்லின் கடைசியில் ஒரு எண்ணைக் கூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரட்டைச் சரிபார்ப்பு பற்றி நீங்கள் எழுதியிருப்பது இப்போதும் பொருந்தும்.’

எந்த இடம், என்ன பிழை, எங்கிருந்து தெரியும், ஏன் முக்கியம், எது சரி: ஐந்தும் வந்துவிட்டன. பதிவைப் படிக்காதவருக்கும் புரிகிறது. பதிவருக்கும் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது.

கோபத்தில் இருக்கும்போது பெட்டிக்குள் நேராகத் தட்டச்சு செய்யாதீர்கள். வேறு எங்காவது எழுதி, ஒரு இரவு விடுங்கள். முகம் பார்க்காமல், உடனடி எதிர்வினை இல்லாமல் பேசும்போது கட்டுப்பாடு தளர்கிறது என்பதை உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் விரிவாக எழுதினார். இது நல்லவர்களுக்கும் நேர்வது. மறுநாள், மேலே இருக்கும் பின்னூட்டங்களை மறைத்துவிட்டு உங்களுடையதை மட்டும் படியுங்கள். அப்போதும் நியாயமாகத் தெரிந்தால் வெளியிடுங்கள். ஒரே விவாதத்தில் இரண்டு முறைக்கு மேல் பதில் வேண்டாம்: முதலாவது விளக்க, இரண்டாவது முடிக்க. மூன்றாவதிலிருந்து பொருள் போய் ஆள் வந்துவிடுகிறார்.

நீங்கள் சொன்னது தவறென்று தெரிந்தால், அதே இடத்தில் ஒரே வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். பின்னூட்டத்தைச் சத்தமில்லாமல் நீக்கினால், அதை மேற்கோள் காட்டி மற்றவர்கள் எழுதிய பதில்கள் மட்டும் மிஞ்சும். கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் நீக்கியதற்கான அறிவிப்பும் அங்கேயே நிற்கும்.

இன்னொரு சிறு விஷயம்: ஒவ்வொரு பின்னூட்டத்திலும் நேரம் பதிவாகிறது. வேலை நேரத்தில் அலுவலக இணைப்பிலிருந்து எழுதியது பிற்பாடு வேறு கேள்விகளைக் கிளப்பும்.

பழையதை நீக்க

பிளாகரில் கூகுள் கணக்கோடு எழுதியிருந்தால், அதே கணக்கில் நுழைந்து நீங்களே அழிக்கலாம். அனானியாக எழுதியதை அழிக்க முடியாது. வேர்ட்பிரஸில் இயல்பாக அந்த வசதி இல்லை, பதிவரிடம்தான் கேட்க வேண்டும். மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும்: பதிவின் முகவரி, பின்னூட்டத்தின் தேதியும் நேரமும், என்ன செய்ய வேண்டும் என்பது. பின்னூட்டம் எழுதிய அதே மின்னஞ்சலிலிருந்து அனுப்பினால், நீங்கள்தான் என்று அவர் சரிபார்த்துக்கொள்வார். முழுதாக நீக்கச் சொல்வதைவிடப் பெயரை எடுத்துவிடச் சொல்வது எளிதில் நடக்கும், ஏனென்றால் உரையாடல் அறுந்துபோகாது. 2018 மே மாதம் வந்த 4.9.6 பதிப்பிலிருந்து, தனிப்பட்ட தரவை அழிக்கும் கருவி வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது. அது பெயர், மின்னஞ்சல், தள முகவரி ஆகியவற்றை அகற்றும், பின்னூட்ட வாசகத்தைத் தொடாது. வாசகத்துக்குள்ளேயே உங்கள் தொலைபேசி எண்ணோ வேலையிடமோ இருந்தால், அதைத் தனியாகச் சுட்டிக்காட்டுங்கள்.

பக்கம் மாறிய பிறகும் கூகுள் முடிவில் பழைய வரிகள் கொஞ்ச காலம் தெரியலாம். காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கோரும் பக்கம் கூகுளில் இருக்கிறது, தளத்தின் உரிமையாளராக இல்லாத எவரும் அதில் விண்ணப்பிக்கலாம். பக்கம் மாறாமல் விண்ணப்பித்தால் நிராகரித்துவிடுவார்கள், எனவே பதிவர் திருத்திய பிறகே போடுங்கள். இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் காப்பகத்தில் பழைய நகல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், பதிவருக்கு எழுதும் மின்னஞ்சலிலேயே அதையும் சேர்த்துக் கேளுங்கள். தள உரிமையாளர் கேட்கும்போது அந்த வேண்டுகோளுக்கு எடை அதிகம்.