கிணத்து ராட்டினத்துல வாளி விழுற கணக்க எப்படி போடுறது
மொதல்ல ஃபார்முலாவ தேடாதீங்க, வாளிக்கு ஒண்ணு ராட்டினத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனியா படம் வரைங்க. வாளி 4 கிலோ, ராட்டினம் 2 கிலோ கெட்டித் தட்டு, கயிறு வழுக்கல, ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) 10னு வச்சுக்கலாம். வாளியோட எடை 4 × 10 = 40, அதனால வாளிக்கு 40 - டென்ஷன் (கயிறு மேல இழுக்குற விசை) = 4 × முடுக்கம். பல பேர் சறுக்குற எடம் இதான், டென்ஷனும் 40னு எழுதிடுவாங்க (பிளஸ் ஒன்ல நானும் அப்படித்தான் மார்க்க விட்டேன்), அப்படின்னா கைய விட்டாலும் வாளி அங்கயே தொங்கிட்டு நிக்கணுமே!

ராட்டினத்துக்கு டார்க் (சுத்த வைக்கிற திருப்பம், இங்க டென்ஷன் × ஆரம்) = நிலைமத் திருப்புத்திறன் (சுத்துறதுக்கு ராட்டினம் எவ்வளவு முரண்டு பிடிக்குதுங்குற அளவு) × கோண முடுக்கம் (கயிறு வழுக்காததால முடுக்கம் ÷ ஆரம்), தட்டுக்கு அந்தத் திருப்புத்திறன் அரை × நிறை × ஆரம் ஸ்கொயர், ஆரமெல்லாம் அடிபட்டுப் போய் டென்ஷனும் முடுக்கமும் ஒரே நம்பர்னு வந்துரும். அப்போ 40 = 5 × முடுக்கம், முடுக்கம் 8, டென்ஷன் 8 நியூட்டன். சந்தேகமா இருந்தா எனர்ஜி போட்டுப் பாருங்க, 1 மீட்டர் எறங்கினா வேகம் 4, வாளிக்கு 32 ஜூல், ராட்டினம் சுத்த 8, கூட்டினா 40, வாளி எறங்கினதுல இழந்த எனர்ஜியும் 4 × 10 × 1 = 40 தான்.