பெரிய மோட்டார்ஹோமை விட்டுச் சின்னதுக்கு மாறுகிறீர்களா? அளந்து பார்த்து வாங்கும் முறை

எட்டு, ஒன்பது மீட்டர் வண்டியில் பழகியவர்கள் சின்ன மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) பார்க்கப் போனால் முதலில் நீளத்தைத்தான் கேட்பார்கள். நீளம் குறைவதற்குச் சீக்கிரம் பழகிவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய வண்டியில் கட்டில் எப்போதும் கட்டில், மேசை எப்போதும் மேசை. சின்ன வண்டியில் ஒரே இடம் இரண்டு வேலை பார்க்கும். அந்த இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் தேவைப்படாத வண்டியைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

படி 1: இருக்கிற வண்டியில் எதைத் தொடுகிறீர்கள் என்று பாருங்கள்

அடுத்த பயணம் கிளம்பும் முன் ஒவ்வொரு அலமாரிக் கதவிலும், ஒவ்வொரு டிராயரிலும் ஒரு துண்டு காகித டேப் ஒட்டுங்கள். திறக்கும்போது கிழித்துவிடுங்கள். பயணம் முடிந்த பிறகும் டேப் ஒட்டியிருக்கிற அலமாரிகள் உங்களுக்குத் தேவையில்லாதவை. தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, ஜாக்கி ஆகியவற்றுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

கூடவே நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது, வெளி மின் இணைப்பு இல்லாமல் தொடர்ந்து எத்தனை இரவு தங்குகிறீர்கள், மழை நாளில் உள்ளே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், இருவரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறீர்களா. கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். ஆனால் எந்த அமைப்பு சரிவரும் என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்யும்.

பயணத்துக்குத் தயாரான நிலையில் வண்டியை எடை மேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். திரும்பி வந்து சாமான்களை எல்லாம் இறக்கிவிட்டு, அதே அளவு எரிபொருளும் தண்ணீரும் இருக்கும்போது மறுபடி நிறுத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சாமான்களின் எடை. படி 5-இல் இந்த எண் வேண்டும்.

படி 2: எல்லைகளை எழுதி வையுங்கள்

வண்டியை நிறுத்தப்போகும் இடத்தின் நீளம், உயரம், உங்கள் ஓட்டுநர் உரிமம் அனுமதிக்கும் எடை. இந்த மூன்றையும் எழுதாமல் வண்டி பார்க்கக் கிளம்பாதீர்கள். ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்துக்கு உரிய நெடுங்கால வரம்பு 3,500 கிலோ என்பதால், அங்கே தயாராகும் சின்ன வண்டிகளில் பெரும்பாலானவை அந்த எண்ணுக்குள் அடங்கும்படி கட்டப்படுகின்றன.

வேனையே மாற்றிக் கட்டும் வகையில் ஐரோப்பாவில் அதிகம் பயன்படும் அடித்தள வண்டி ஃபியட் டுகாட்டோ. அதன் நீளங்கள் 4.96, 5.41, 5.99, 6.36 மீட்டர். மெர்சிடஸ் ஸ்பிரின்ட்டரின் நீளங்கள் சுமார் 5.93, 6.97, 7.37 மீட்டர். விளம்பரத்தில் போடும் உயரத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கூரை ஜன்னல், ஏசி, சோலார் பலகை எல்லாம் சேர்த்து நீங்களே டேப் பிடித்து அளந்து, அந்த எண்ணை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

படி 3: எந்த உடல் வகை?

கூரை தூக்கும் கேம்பர் வேன் சுமார் 2 மீட்டர் உயரம்தான். பல கார் நிறுத்துமிடங்களில் நுழைந்துவிடும். ஆனால் பெரும்பாலானவற்றில் தனிக் கழிவறை இருக்காது; கூரையின் பக்கத் துணி மழையில் நனைந்திருந்தாலும் அப்படியே மடக்க நேரும். பெரிய வண்டியிலிருந்து நேராக இதற்கு இறங்குவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை.

உயரமான கூரையுள்ள வேன் குறுகலானது. டுகாட்டோவின் அகலம் கண்ணாடிகள் நீங்கலாக 2.05 மீட்டர். நெருக்கமான தெருக்களில் நிம்மதியாக ஓட்டலாம். இரும்பு உடல் என்பதால் மூட்டு வழியாக நீர் கசியும் வாய்ப்பும் குறைவு.

வண்டியின் சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் தனியாக உடல் கட்டிய தாழ்கூரை வகைக்கு அகலம் பொதுவாக 2.2 முதல் 2.3 மீட்டர். கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஒரு சாண் அகலம் உள்ளே பெரிய வித்தியாசம் காட்டும். ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் இடிக்காமல் கடந்து போகலாம். மழை நாட்களில் உள்ளேயே இருப்பவர்கள் என்றால் 6 மீட்டரில் இந்த வகையைப் பாருங்கள். நாள் முழுக்க வெளியே சுற்றிவிட்டுத் தூங்க மட்டும் வருபவர்கள் என்றால் வேனே போதும்.

படி 4: படுக்கை

வாங்கிய பிறகு வருத்தப்பட வைப்பது பெரும்பாலும் இதுதான். அதனால் இங்கே அவசரம் வேண்டாம்.

5.99 மீட்டர் வேன்களில் பின்பக்கம் குறுக்கே போட்ட கட்டில்தான் சகஜம். டுகாட்டோவின் உள் அகலம் ஏறத்தாழ 1.87 மீட்டர். காப்புப் பொருளும் பலகையும் போக 1.80 முதல் 1.85 மீட்டர்வரைதான் மிஞ்சும். 1.78 மீட்டருக்கு மேல் உயரம் உள்ளவர் காலை நீட்டினால் சுவர் இடிக்கும். குளிர்காலத்தில் அந்தச் சுவரில் வியர்த்து, போர்வை நுனி நனையும். உள்பக்கம் படுப்பவர் இரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். படி 1-இல் 'வெவ்வேறு நேரத்தில் எழுகிறோம்' என்று எழுதியிருந்தால் குறுக்குக் கட்டிலை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

நீளவாக்கில் போட்ட இரண்டு தனிக் கட்டில்களுக்குப் பொதுவாக 6.36 மீட்டராவது வேண்டும். வண்டி நீளமானாலும் நடுவில் வழி கிடைக்கும், யாரும் யாரையும் எழுப்ப வேண்டாம். ஸ்பிரின்ட்டரின் உள் அகலம் டுகாட்டோவைவிடக் குறைவு. அதனால் குறுக்கே படுக்க வேண்டுமென்றால் பக்கச் சுவரில் வெளியே புடைத்த பெட்டிகள் பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

பகலில் சோபாவாகவும் இரவில் படுக்கையாகவும் மாறுகிற அமைப்புக்கு ஒரு சோதனை உண்டு. விற்பவரைச் செய்துகாட்டச் சொல்லாதீர்கள், நீங்களே செய்யுங்கள். எத்தனை மெத்தைத் துண்டு, எந்த வரிசை, மேசைக் கால் எங்கே போகிறது, மெத்தை இணைப்பு இடுப்புக்குக் கீழே வருகிறதா? ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால், பயணத்தின் இரண்டாவது வாரத்திலேயே படுக்கையை மடக்காமல் விட்டுவிடுவீர்கள். அதோடு உட்காரும் இடமும் போய்விடும்.

கடைக்குப் போகும் முன்பே வீட்டுத் தரையில் டேப் ஒட்டி வண்டியின் உள்ளளவை வரைந்து பாருங்கள். கட்டில், சிங்க், கழிவறைக் கதவு திறக்கும் வளைவு, ஃப்ரிட்ஜ் கதவு எல்லாவற்றையும் வரையுங்கள். இருவரும் அதற்குள் நின்று தேநீர் போடுவதுபோல் நடித்தால் எந்த மூலையில் முட்டிக்கொள்வீர்கள் என்று தெரிந்துவிடும்.

படி 5: சுமைக் கணக்கு

பெரிய வண்டியில் இடம் முதலில் தீரும் அல்லது எடை முதலில் தீரும். சின்ன வண்டியில் அநேகமாக எப்போதும் எடைதான் முதலில் தீரும். ஒரு மாதிரிக் கணக்கு (எடை எல்லாம் கிலோவில்; சாமான் வரிகளில் படி 1-இல் கண்ட உங்கள் எண்ணைப் போடுங்கள்):

அதிகபட்ச அனுமதி எடை 3,500 கிலோ. தயாரிப்பாளர் பட்டியலில் போட்ட 'ஓடத் தயாரான எடை' 2,950. மிச்சம் 550.
வெளிப்பந்தல், கூரை ஏசி, இழுவைக் கொக்கி, சோலார், இரண்டாவது பேட்டரி: 120. மிச்சம் 430.
இரண்டாவது பயணி: 75. மிச்சம் 355.
பட்டியலில் சேராத தண்ணீர் 80 லிட்டர்: 80. மிச்சம் 275.
துணி, உணவு, பாத்திரம்: 120. மிச்சம் 155.
நாற்காலி, மேசை, குழாய், மின் கேபிள், சமன்படுத்தும் கட்டைகள்: 40. மிச்சம் 115.
இரண்டு மின் சைக்கிள், அவற்றின் தாங்கி: 65. மிச்சம் 50.

550 எங்கே, 50 எங்கே! ஐரோப்பியப் பட்டியல்களில் 'ஓடத் தயாரான எடை' என்பதில் ஓட்டுநருக்கு 75 கிலோவும் 90 சதவீத எரிபொருளும் சேர்ந்திருக்கும். தண்ணீர் எத்தனை லிட்டர் சேர்த்திருக்கிறார்கள் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க மோட்டார்ஹோமில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று இருக்கும். அங்கே தண்ணீரும் சாமான் கணக்கில்தான் வரும்.

மொத்த எடை சரியாக இருந்தும் பின் ஆக்சில் (சக்கர அச்சு) வரம்பைத் தாண்டுவது இன்னொரு சிக்கல். பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் சுமை நெம்புகோல்போல் வேலை செய்யும். சக்கர இடைவெளி 4 மீட்டர், சைக்கிள் தாங்கி பின் ஆக்சிலிலிருந்து 1.6 மீட்டர் பின்னால் என்றால், அந்த 65 கிலோ பின் ஆக்சிலில் 91 கிலோவாக இறங்கும். முன் ஆக்சிலில் 26 கிலோ குறையும். டுகாட்டோ போன்ற முன்சக்கர இயக்க வண்டிக்கு முன்பக்க எடை குறைந்தால் ஈரப் புல்லில் சக்கரம் சுழன்று நின்றுவிடும்.

படி 6: தண்ணீர், கழிவறை, மின்சாரம்

சின்ன வண்டிகளில் நல்ல தண்ணீர் டேங்க் பெரும்பாலும் 100 லிட்டர் அளவில் இருக்கும். குளியலைச் சுருக்கினால் இருவருக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் போதும்; நான்கு நாள் ஓடும். கழிவுநீர் டேங்க் அதைவிடச் சின்னதாக இருந்தால் அதுதான் உங்கள் உண்மையான எல்லை. கேசட் கழிவறையின் (கழற்றி எடுத்துக் கொட்டும் தொட்டி உள்ளது) கொள்ளளவு 18 முதல் 20 லிட்டர். இருவர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளில் நிரம்பும். மாற்று கேசட் வைக்க இடம் இருக்கிறதா, கேசட் கதவு கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பிய கேசட் 20 கிலோவுக்கு மேல் கனக்கும்.

மின்சாரத்தில் பெரிய வண்டிக்காரர்கள் ஏமாறுவது ஃப்ரிட்ஜில்தான். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜுக்குப் பதில் இங்கே பெரும்பாலும் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் இருக்கும். நன்றாகக் குளிரும், வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலும் கவலையில்லை. ஆனால் வெயில் நாளில் 40 ஆம்பியர்-ஹவர் (பேட்டரிக் கொள்ளளவின் அலகு) வரை தின்னும். 100 ஆம்பியர்-ஹவர் ஏஜிஎம் (ஈய-அமில வகை) பேட்டரியில் ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது சுமார் 50. அதே அளவு லித்தியத்தில் 80, 90வரை எடுக்கலாம். எடையும் பாதிக்கும் குறைவு. 1,800 வாட் மின் அடுப்பை இன்வர்ட்டரில் பத்து நிமிடம் ஓட்டினால் 25 ஆம்பியர்-ஹவருக்கு மேல் போய்விடும். எனவே இணைப்பு இல்லாமல் தங்குபவர்களுக்கு கேஸ் அடுப்பே மேல்.

இப்போது வரும் வண்டிகளில் பலவற்றின் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் டிசி-டிசி சார்ஜர் (ஆல்டர்னேட்டர் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற அழுத்தத்துக்கு மாற்றும் கருவி) இல்லாவிட்டால் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் உள் வசதிகளுக்கு மின்சாரம் தரும் 'வீட்டுப் பேட்டரி' நிறையாது. 30 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறத்தாழ 30 ஆம்பியர்-ஹவர் ஏறும்.

படி 7: கடையில் ஒரு மணி நேர ஒத்திகை

கதவை மூடிக்கொண்டு இருவரும் உள்ளே இருங்கள். ஒருவர் காய் நறுக்கட்டும். வெட்டும் பலகை வைக்க இடம் உண்டா, அல்லது சிங்க் மூடிமேல்தானா? அதே நேரம் மற்றவர் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தி உட்காரட்டும். முட்டி சுவரில் இடிக்கிறதா? ஈரமான இரண்டு மழைச்சட்டை எங்கே தொங்கும்? ஷவருக்குள்தான் என்றால், மழை நாளில் குளியல் கிடையாது. பக்கக் கதவு சறுக்குக் கதவாக இருந்தால் மெதுவாக மூடிப் பாருங்கள். நள்ளிரவில் அதன் சத்தம் பக்கத்து வண்டிவரை கேட்கும்.

பெரிய வண்டியின் பின்னால் கார் இழுத்துப் போனவர்கள் இன்னொன்றையும் ஒத்திகை பார்க்க வேண்டும். இனி கடைக்குப் போவதென்றாலும் வீட்டோடு கிளம்ப வேண்டும். கேபிள் கழற்றி, பந்தல் சுருட்டி, கூரை ஜன்னல் மூடி, பாத்திரம் கட்டிப் புறப்பட எவ்வளவு நேரம்? பத்து நிமிடத்துக்குள் முடியாவிட்டால் மின் சைக்கிளுக்கு எடை ஒதுக்குங்கள்.

படி 8: பழைய வண்டி என்றால்

கட்டிய உடல் வகையில் ஜன்னல் மூலை, கூரை ஓரம், பின்சுவர் அடிப்பகுதியில் ஈரமானி வைத்துப் பாருங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே நல்லது. 20-ஐத் தாண்டினால் சந்தேகம். 30 காட்டினால் மரம் உளுத்திருக்க வாய்ப்பு அதிகம், விட்டுவிடுங்கள். வேனில் சக்கர வளைவு, கதவு அடி, கூரைத் துளைகளைச் சுற்றித் துரு பாருங்கள். டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பூ (தரையில் படும் பள்ளக் கோடுகள்) தேயாமல் இருந்தாலும் ஏழு வயதைத் தாண்டிய டயருக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

படி 9: விற்பதற்கு முன் வாடகை

பெரிய வண்டியை விற்பதற்கு முன் அதே அமைப்புள்ள சின்ன வண்டியை நான்கு இரவுக்காவது வாடகைக்கு எடுங்கள். நல்ல பருவத்தில் வேண்டாம். மழையும் குளிரும் உள்ள வாரமே சரி. படி 1-இல் டேப் கிழிந்த அலமாரிச் சாமான்களை மட்டும் ஏற்றுங்கள்.

வாங்கிய பிறகு, முழுச் சுமையோடு எடை மேடைக்குப் போய் முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியாக எடை எடுங்கள். டயர் காற்றழுத்தத்தை அந்த எண்களுக்கு ஏற்ப, டயர் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்து வையுங்கள்.