கார்னிவலில் ஆடப்போகிறீர்களா? சாப்பாட்டுக் கணக்கைக் கழிவறையிலிருந்து தொடங்குங்கள்

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணி இருக்கும். கரீபியன் தீவான டிரினிடாட்டின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில், சவானா மைதானத்துக் கார்னிவல் மேடை ஏற எங்கள் பேண்டு (வேடம் போட்டுச் சேர்ந்து ஆடும் குழு) வரிசையில் நின்றுகொண்டிருந்தது. தலையில் கிரீடம், முதுகில் இறகுச் சட்டம், முகமெல்லாம் ஒட்டுக்கல். திடீரென்று கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ கையைப் பிடித்து ஒரு சுவரோர நிழலில் உட்காரவைத்தார்கள். பேண்டில் முதலுதவி பார்க்கும் அம்மா வந்து கேட்ட முதல் கேள்வி, "காலையிலிருந்து எத்தனை தடவை பாத்ரூம் போனாய்?"

ஒரு தடவைகூட இல்லை.

தண்ணீர் கிடைக்காமல் இல்லை. எங்கள் பின்னாலேயே ஒரு லாரி நிறையத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நான்தான் வேண்டுமென்றே குடிக்காமல் இருந்தேன். ஏன் என்று மூன்றாவது படியில் சொல்கிறேன். மறு வருடம், 2025 மார்ச் 3, 4 தேதிகளில், திரும்பவும் போய் இரண்டு நாளும் கடைசிவரை ஆடினேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. மாஸ் ஆடப்போகிறவர்களுக்கு மட்டும். (நம் ஊர் 'மாஸ்' இல்லை. வேடம் போட்டு ஆடும் மாஸ்கரேட் என்பதை டிரினிடாட்காரர்கள் அப்படிச் சுருக்கிவிட்டார்கள்.)

படி 1: பேண்டிடம் மூன்று கேள்வி

ஆடைக்குப் பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள். சாப்பாடும் குடியும் கட்டணத்தில் சேர்த்தியா? சைவம் உண்டா? கழிவறை லாரி எத்தனை? பெரிய பேண்டுகள் பெரும்பாலும் எல்லாம் சேர்த்துத்தான் வாங்குகின்றன. கையில் பட்டை கட்டிவிடுவார்கள், அதைக் காட்டினால் குடிவண்டியில் ஊற்றித் தருவார்கள். சின்ன பேண்டு என்றால் உங்கள் பாடு.

படி 2: ஞாயிற்றுக்கிழமைக்குள் கடைக்குப் போய்விடுங்கள்

கார்னிவல் திங்களும் செவ்வாயும் காகிதத்தில் அரசு விடுமுறை கிடையாது. ஆனால் ஊரே கதவைச் சாத்திவிட்டு ரோட்டுக்கு வந்துவிடும். திங்கள் காலை வாழைப்பழம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். என் பட்டியல்: ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆறு (ஊரிலிருந்தே கொண்டுபோனேன்), வாழைப்பழம், ரொட்டி, முட்டை, உப்புக்கடலை, புளி உருண்டை.

புளி உருண்டை என்றதும் சிரிக்காதீர்கள். டிரினிடாட்டில் எல்லாப் பெட்டிக்கடையிலும் உண்டு. புளியோடு சர்க்கரை, உப்பு, மிளகாய் சேர்த்து உருட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருக்கும். வெயிலில் ஆடுகிற உடம்புக்கு வேண்டிய உப்பும் இனிப்பும் அதிலேயே இருக்கிறது, வாயில் எச்சிலும் ஊறும். ஓட்டக்காரர்கள் பிதுக்கிச் சாப்பிடும் ஜெல் பொட்டலங்களை நானும் முதல் வருடம் விலை கொடுத்து வாங்கினேன். வெயிலில் சூடாகி, சீனிப்பாகில் பசை கலந்ததுபோல இருந்தது. இனி தொடமாட்டேன்.

படி 3: ஆடை

சமையல் குறிப்பில் தையல் எதற்கு என்று கேட்பீர்கள். நான் விழுந்தது இங்கேதான்.

முதல் வருடம் நான் எடுத்தது உடம்போடு ஒட்டிய ஒற்றை ஆடை. பின்னால் எட்டுக் கொக்கி. அதற்கு மேல் இடுப்புப் பட்டை, அதற்கும் மேல் இறகுச் சட்டத்தின் வார். திங்கட்கிழமை ஒரே ஒரு முறை கழிவறை லாரிக்குப் போனேன். வரிசையில் இருபது நிமிடம். உள்ளே போனால் கை பின்னால் எட்டவில்லை. கொக்கியைக் கழற்ற வெளியே வந்து முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கெஞ்சினேன். திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் எங்கள் பாட்டு லாரி இரண்டு தெரு தாண்டிப் போயிருந்தது. அன்று ராத்திரியே மனதுக்குள் ஒரு முடிவு: நாளைக்குத் தண்ணீரே வேண்டாம், நாக்கு நனைந்தால் போதும். மறுநாள் சுவரோரம் உட்கார்ந்த கதை மேலே இருக்கிறது.

எனக்கு மட்டும் நடந்தது என்று நினைத்திருந்தேன். பிறகு பேச்சுக்கொடுத்தால் பாதிப் பெண்கள் இதையேதான் செய்திருக்கிறார்கள். ஆகவே:

- மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு துண்டாக உள்ள ஆடையை எடுங்கள். ஒற்றை ஆடைதான் வேண்டுமென்றால் கொக்கியைப் பக்கவாட்டுக்கு மாற்றித் தைக்கச் சொல்லுங்கள்.
- முதல் நாளே வீட்டில் முழு ஆடையோடு ஒரு தடவை பாத்ரூம் போய்ப் பாருங்கள். தனியாக முடிகிறதா?
- ரோட்டில் ஒரு ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் சேர்ந்தே போவது, சேர்ந்தே வருவது. ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் இறகைப் பிடித்துக்கொள்வாள்.
- முட்டும்வரை காத்திருக்காமல், வரிசை சின்னதாக இருக்கும்போதே போய்விடுங்கள்.

இது சரியானால் தண்ணீர்ப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும்.

படி 4: ஜூவே

திங்கள் விடியாக்காலை நான்கு மணிவாக்கில் ஜூவே, அதாவது கார்னிவலைத் தொடங்கிவைக்கும் இருட்டு நேரத் தெரு ஆட்டம், தொடங்கும். சேறு, பெயின்ட், சில பேண்டுகளில் சாக்லேட். இதில் சாப்பிடுவதைப் பற்றி ஒரே குறிப்புதான்: உங்கள் கை உங்களுடையதாக இருக்காது. மூன்று மணிக்கே வீட்டில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மூடியும் உறிஞ்சுகுழாயும் உள்ள குவளை, கழுத்தில் தொங்கவிட ஒரு கயிறு. உலோகக் குழாய் மட்டும் வேண்டாம். பின்னாலிருந்து ஒருவர் குதித்து இடித்தால் பல் போய்விடும். சிலிக்கான் குழாய்தான் என் தேர்வு. கிரீடம் வைத்த தலையை அண்ணாந்து குடிக்க முடியாது என்பதால் செவ்வாய்க்கிழமைக்கும் அதுவே உதவும்.

படி 5: காலையில் டபுள்ஸ்

மஞ்சள் சேர்த்த மாவில் பொரித்த மெத்தென்ற இரண்டு பாரா, நடுவே குழம்பாகக் கொண்டைக்கடலை. 1936-ல் பிரின்சஸ் டவுனில் டீன் குடும்பத்தார் விற்கத் தொடங்கியது என்பார்கள். 1845-ல் ஃபாதல் ரசாக் கப்பலில் தொடங்கி வந்து இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொண்டுவந்த சமையலின் பேரப்பிள்ளை. அவர்களில் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசப் பக்கத்துக்காரர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்களும் உண்டு.

சுத்த சைவம், வயிறும் நிறையும், மாவுச்சத்தோடு பருப்புச்சத்தும் சேர்ந்துவிடுகிறது. ஆடப்போகும் காலைக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. கடைக்காரர் எண்ணெய்த்தாளில் வைத்துக்கொண்டே "பெப்பர்?" என்று கேட்பார். அங்கேதான் நம் ஊர் வீராப்பு எட்டிப்பார்க்கும். ஆந்திரா ஊறுகாய் தின்ற நாக்கு என்று நான் "மீடியம்" என்றேன். அது ஸ்காட்ச் பானட் மிளகாய். நாக்கு தாங்கிவிட்டது, வயிறு தாங்கவில்லை. எட்டுக் கொக்கி ஆடையில் அது என்னவாகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கார்னிவல் அன்று "ஸ்லைட்" என்று மட்டும் சொல்லுங்கள், இல்லையா, பெப்பரே வேண்டாம் என்றுவிடுங்கள். புளிச் சட்னியும் வெள்ளரிக்காயும் தாராளமாகக் கேட்டு வாங்கலாம். சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

படி 6: ரோட்டில்

போர்ட் ஆஃப் ஸ்பெயினும் பொள்ளாச்சியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. வெயில் நமக்குப் புதிது இல்லை. ஆனால் நண்பகல் வெயிலில் எட்டு மணி நேரம் தார் ரோட்டில் நாம் ஆடியதில்லை.

கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீர். பிறகு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்கு, மணிக்கு அரை லிட்டர் கணக்கில். பயந்துபோய் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளாதீர்கள், இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். மதியத்துக்குள் இரண்டு ஓ.ஆர்.எஸ். உள்ளே போகட்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும். சவானாவைச் சுற்றி இளநீர் வண்டிகள் நிற்கும். வழுக்கை வேண்டுமென்றால் "ஜெல்லி" என்று கேளுங்கள். பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. அதனால் கூடவே ஒரு கை உப்புக்கடலை.

ரம். ரம் பஞ்சுக்குக் கரீபியனில் ஒரு பழைய வாய்ப்பாடு: புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, சரக்கு மூன்று, தண்ணீர் நான்கு. குடிவண்டியில் ஊற்றுகிறவருக்கு அந்தக் கடைசி வரி மட்டும் மறந்துபோயிருக்கும். "கொஞ்சமாக" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பஞ்சியன் என்று ஒரு ரம் வரும், 75 சதவீதம் சாராயம். அதை மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஒரு குவளை ரம்முக்கு ஒரு குவளை தண்ணீர் என்பது என் கணக்கு. தெரியாதவர் நீட்டும் குவளை வேண்டவே வேண்டாம்.

படி 7: மதியச் சாப்பாடு

பேலாவ் தருவார்கள். கருக்கிய சர்க்கரையில் கோழியைப் புரட்டி, அரிசியும் துவரைக்காய் விதையும் போட்டு வேகவைத்தது. கூடவே மக்ரோனி பை. அள்ளி அள்ளிச் சாப்பிடத் தோன்றும். பாதியோடு நிறுத்துங்கள். மீதிப் பசிக்கு நடு இரவில் வயிறு கேட்கும்போது கார்ன் சூப் குடித்துக்கொள்ளலாம்.

மறுநாள் திருநீற்றுப் புதன். ஊர் பாதி மராக்காஸ் கடற்கரையில் கிடக்கும். சுறா மீனைப் பொரித்து, பொரித்த ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். இதற்கு வழிகாட்டி தேவையில்லை, கூட்டம் போகும் பக்கம் போங்கள்.

பின்சேர்க்கை

சைவக்காரர்கள் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். கார்ன் சூப்பும் கல்லலூ என்ற கீரைக் குழம்பும் பார்வைக்குச் சைவம்தான். முதலாவதில் உப்புப் பன்றிவால் கிடக்கலாம், இரண்டாவதில் நண்டு கிடக்கலாம். கேட்காமல் வாய் வைக்காதீர்கள். ராஸ்தாக்காரர்கள் (ராஸ்தஃபாரி மதத்தைப் பின்பற்றுகிறவர்கள்) "ஐட்டல்" என்று எழுதி விற்கும் கடையில் இறைச்சி இருக்காது.

மது தொடாதவர்களுக்கு: சாரல் கேளுங்கள், நம் புளிச்சகீரையின் இனத்துச் செடியிலிருந்து எடுக்கும் சிவப்புப் பானம். மாபி மரப்பட்டைக் கஷாயம், கசக்கும், எனக்கு உயிர். எலுமிச்சைச் சோடாவில் அங்கோஸ்துரா பிட்டர்ஸ் சில சொட்டு விட்டும் தருவார்கள். அந்தச் சொட்டிலும் சாராயம் உண்டு, அறவே கூடாது என்பவர்கள் பிட்டர்ஸ் இல்லாமல் கேளுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், கிளம்பும் முன் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் நான் வாய் திறக்கமாட்டேன். புளி உருண்டை மட்டும் இடுப்புப் பையில் இருக்கட்டும்.

லண்டனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ஆகஸ்ட் கடைசியில் நாட்டிங் ஹில் கார்னிவலுக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்டுவிட்டு, அவரே பதிலும் சொல்லியிருந்தார்: அங்கே தெருவில் குடியிருப்பவர்கள் சிலர் காசு வாங்கிக்கொண்டு தங்கள் வீட்டுக் கழிவறையைத் திறந்துவிடுகிறார்களாம். ஆக, லண்டன் போகிறவர்கள் இடுப்புப் பையில் கொஞ்சம் சில்லறை போட்டுக்கொள்ளுங்கள். கொக்கி பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும்.